மீன் படிக்கு இரண்டு பூட்டு

ஓய்வு பெற்ற பொறியாளரைப் பார்த்தால் இளையவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மேடம், நீங்க செஞ்சதுலயே பெரிய வேலை எது?" என்பதுதான். பாலம், தடுப்பணை என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். "மீன் படி" என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர் போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். வேறொரு நகரத்து வெள்ளநீர்க் கால்வாயில் மீன் ஏறிப்போக வழி அமைக்கப் போகிறார்களாம். அளவுகள் சரியாகத்தான் இருந்தன. அடியில் ஒரு வரி: 'உள்ளூர் மக்களின் ஒத்துழைப்புடன் பராமரிக்கப்படும்.' அதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதை எழுதியவர் அந்த மக்களில் ஒருவரிடமாவது திட்டு வாங்கியிருப்பாரா? வாங்கியிருந்தால் ஒத்துழைப்பு என்ற சொல்லை இவ்வளவு சுலபமாக எழுதியிருக்க மாட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. அது வளர்ப்பில் வந்தது. என் அப்பா லாரி ஓட்டினார். எங்கள் வீட்டில் அவரை நைனா என்போம். பள்ளி விடுமுறையில் சில நேரம் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். ஆந்திர எல்லையில் உள்ள எளாவூர் செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும். நெல் மூட்டை என்று நைனா சொன்னால் போதாது, இரும்புக் கம்பியால் குத்தி நெல் உதிர்கிறதா என்று பார்த்த பிறகுதான் விடுவார்கள். நைனாவுக்கு அதில் கோபமே வராது. "அவன் குத்திப் பாக்கறதுதாம்மா மருவாதி. பாக்காம வுட்டான்னா, நம்ம கிட்ட வேற எதையோ எதிர்பாக்கறான்னு அர்த்தம்" என்பார். டிப்ளமோ முடித்து, தேர்வு எழுதி, பாசனப் பிரிவில் சேர்ந்து, மண் அளப்பது, சிமென்ட் பார்ப்பது, ஒப்பந்தக்காரரிடம் ஏமாறாமல் இருப்பது என்று கழிந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரும் கற்பதைத்தான் கற்றேன். கம்பியால் குத்திப் பார்ப்பதை மட்டும் முன்பே கற்றிருந்தேன்.

மீன் படி வேலை வந்தபோது நான் உதவிப் பொறியாளர். எங்கள் பிரிவில் இருந்த நகரம் ஒரு பெரிய மழையில் மூழ்கிய பிறகு அதற்கு வெள்ளநீர்க் கால்வாய் வெட்டினார்கள். நகரத்துக்கு மேற்கே உள்ள நல்ல தண்ணீர் ஏரியில் தொடங்கும். அதை மேலேரி என்போம். நகரத்து வீடுகளின் முதுகுப்புறமாக ஓடி, புறவழிச் சாலைப் பாலத்தின் கீழ் புகுந்து, பழவேற்காட்டு ஏரியில் தோணிரேவு என்ற மீனவர் ஊர்ப் பக்கம் வந்து விழும். முன்பு அங்கே ஒரு மண் ஓடை இருந்தது. ஐப்பசி மழையில் ஓடை நிறைந்தால் மடவையும் கொடுவாக் குஞ்சும் விலாங்கும் உப்புத் தண்ணீரிலிருந்து மேலேரிக்கு ஏறும். அங்கே தின்று பெருத்து, பிந்தைய மழைகளில் இறங்கி வரும். ஓடையைச் செவ்வகமாக வெட்டி சிமென்ட் பூசினோம். கடைசியில் உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்க ஷட்டர்கள் வைத்தோம். ஷட்டருக்குக் கீழே ஆள் மார்பளவுக்கு ஒரு செங்குத்துப் பள்ளம். தண்ணீர் அங்கே விழும். மீன் அங்கே முட்டும்.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மழை நாளில் மடவைகள் துள்ளித் துள்ளி சிமென்ட் சுவரில் மோதும். மூக்கெல்லாம் ரத்தம். கரையில் வீச்சுவலைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு மேலே கொக்குகள். மேலே போனால்தான் பெருக்கும் மீன் எல்லாம் விரல் நீளத்திலேயே சட்டிக்குப் போயிற்று. சில வருடங்களில் பழவேற்காட்டு ஏரியில் பெரிய கொடுவா அரிதாகிவிட்டது என்று தோணிரேவுக்காரர்கள் மனு கொடுத்தார்கள். மேலிடம் எங்களிடம், மீன் ஏற வழி செய்யுங்கள் என்றது.

பக்கத்து ஊரான திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டோம். நல்ல காரியம் என்று யாராவது ஒருவராவது சொல்வார் என்று நினைத்தேன். ஒருவரும் சொல்லவில்லை. மீன் ஏறும் வழியில் உப்பும் ஏறும், எங்கள் நெல் போகும் என்றார்கள் விவசாயிகள். மேலேரியில் மீன்பிடிக் குத்தகை எடுத்திருந்த பாலகுரு வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்று, "நான் கெண்டைக் குஞ்சு வுட்டு வளக்கறேன். உங்க கொடுவா வந்து அத்தினியும் துன்னுட்டுப் போவும். யாரு பொறுப்பு?" என்றார்.

கடைசியில் தோணிரேவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தார். பெயர் தேசம்மா. ஒல்லியான உடம்பு, நடுத்தர வயது. ஏரியில் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களின் குழுவுக்குத் தலைவி. அந்தப் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்வார்கள். பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, சிக்கிய இறாலை வாயருகில் இருக்கும் பறியில் போடுவார்கள்.

"மனு குடுத்ததே எங்க ஊருதான். ஆனா இத்தினி சீக்கிரமா சரின்னு சொல்லிட்டீங்களே, அதான் டவுட்டா கீது" என்றார் தேசம்மா. "மீனுக்கு வழி வுடறேன்னு சொல்லிகினு டவுன் சாக்கடைக்கு வழி வுடப் போறீங்களா?"

மேடையில் இருந்த எங்கள் செயற்பொறியாளர் சபாபதி தேசம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "அந்தம்மா பேரை ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவர் எதையும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளும்படிதான் பேசுவார்.

சபாபதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். ஜீப்பில் எப்போதும் ஒரு மடக்கு முக்காலி இருக்கும். வேலையிடத்தில் ஒப்பந்தக்காரர் போடும் நாற்காலியில் உட்கார மாட்டார், கொடுக்கும் டீயைக் குடிக்க மாட்டார். நாம் எதைச் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பாத்தீங்களா, கேட்டீங்களா?" கேட்டது என்றால் தலையைத் திருப்பிக்கொள்வார். பார்த்தது என்றால் எங்கே நின்று பார்த்தீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பார். என்னையும் அப்படித்தான் குடைவார். ஆரம்பத்தில் அவமானமாக இருந்தது. போகப் போக, இவர் எளாவூரில் கம்பி பிடித்திருக்க வேண்டிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் படியின் வடிவம் எளியது. ஷட்டர் கட்டடத்தின் பக்கவாட்டில் சரிவான ஒரு தொட்டி. அதில் குறுக்கே சுவர்கள். ஒவ்வொரு சுவரிலும் ஒரு பிளவு, ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி. தண்ணீர் வளைந்து வளைந்து இறங்குவதால் வேகம் குறையும். மீன் ஒரு பிளவில் பாய்ந்து ஏறி, அடுத்த சுவர் வரைக்கும் உள்ள குட்டையில் மூச்சு வாங்கி, மறுபடி பாயும். உச்சியில் உள்ள பிளவை மட்டும் பலகை போட்டு அடைக்கலாம். கோடையில் உப்பு ஏறாமலிருக்க அது.

முதல் வரைபடத்தில் படியின் வாசலைப் பள்ளத்திலிருந்து தள்ளி, கட்டுவதற்குத் தோதான இடத்தில் வைத்திருந்தேன். சபாபதி ஒரு மூட்டை உமியுடன் வந்தார். ஷட்டரை லேசாகத் திறக்கச் சொல்லி, மேலிருந்து உமியைக் கை கையாகத் தூவினார். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, உமி எங்கே விழுகிறது, எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். உமி பள்ளத்தின் அடிச்சுவர் ஓரமாகவே சுற்றியது.

"மீன் எங்க நிக்கும்?" என்றார்.

"தண்ணி விழற சத்தத்துக்கிட்ட சார்."

"உங்க வாசல் எங்க இருக்கு?"

நான் அவ்வளவு தூரத்தில் கையைக் காட்டினேன். அவர் முக்காலியை மடித்தார். வாசலைப் பள்ளத்தின் ஓரத்துக்கே மடக்கிக் கொண்டுவந்தேன். மீனைத் தேடி வாசல் வர வேண்டும். வாசலைத் தேடி மீன் வராது. இளையவர்கள் இந்த இடத்தை மட்டுமாவது கவனியுங்கள்.

நகரத்துக்குள் இன்னொரு சிக்கல் இருந்தது. கால்வாயின் அடித்தளம் தட்டையான சிமென்ட். மழை ஓய்ந்தால் தண்ணீர் பாய் விரித்ததுபோல் மெல்லிசாக ஓடும். மீனின் முதுகு கூட நனையாது. நடுவில் ஒரு குறுகிய ஓடை வெட்டி, அதில் அங்கங்கே கல் பதித்து, கல்லின் மறைவில் மீன் இளைப்பாறும்படி செய்தோம். கல் பதிக்கும் அன்று சபாபதி, "நாளைக்கு டவுன்ல தண்ணி நின்னா இந்தக் கல்லைத்தான் காட்டுவாங்க. ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வைங்க" என்றார். எடுத்து வைத்தேன். யாரை நம்பி எடுக்காமல் இருப்பது?

ஐப்பசி பிறந்தது. முதல் மழையில் படியில் தண்ணீர் இறங்கியது. இரண்டு மடவைகள் ஏறியதை நானே பார்த்தேன். மழை விட்டு வெயில் அடித்த வாரம் போய்ப் பார்த்தால் உச்சிப் பிளவில் மணல் சாக்குகள். நேர்த்தியாக, ஒன்றன்மேல் ஒன்றாக, இடுக்கில் களிமண் பூசி அடைத்திருந்தார்கள். எடுத்துப் போட்டோம். மறுபடி மழை, மறுபடி வெயில், மறுபடி சாக்கு.

யார் செய்வது? எனக்குப் பாலகுருமேல்தான் சந்தேகம். கொடுவா ஏறினால் அவருக்குத்தான் நஷ்டம். விவசாயிகள்மேலும் கொஞ்சம் இருந்தது. சபாபதியின் கண் வேறு பக்கம் போயிற்று. ஷட்டர் காவலுக்குத் தற்காலிகமாக ஏழுமலை என்ற திருப்பாலைவனத்துக்காரரை வைத்திருந்தோம். வேலை நிரந்தரமாகும் என்று பல வருடங்களாகக் காத்திருந்தவர். அவர் சைக்கிளில் ஒரு நாள் மடவைக் கோர்வை தொங்கியதைச் சபாபதி பார்த்திருந்தார். படியை அடைத்தால் மீன் பள்ளத்தில் சேரும், வீச்சுவலைக்காரர்கள் அள்ளுவார்கள், காவல்காரருக்குப் பங்கு போகும் என்பது அவர் கணக்கு.

"சார், சத்தியமா இல்ல சார். எவனோ குடுத்தான், கொயம்புக்கு எடுத்தும்போனேன்" என்று ஏழுமலை கையைப் பிசைந்தார்.

"குடுத்தானா? எதுக்குக் குடுத்தான்?" என்றார் சபாபதி.

ஏழுமலையை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காவல் நிலையத்தில் அவர்மேலும் வலைக்காரர்கள்மேலும் புகார் கொடுக்க என்னை எழுதித் தரச் சொன்னார் சபாபதி. "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்று எல்லோரையும் கேட்கும் மனிதர், சாக்கு அடைப்பதை யாரும் பார்க்காதபோதே இவ்வளவு அவசரப்படுவது ஏன் என்று எனக்கு உறுத்தியது. முதல் தடவையாக அவர்மேலேயே எனக்குச் சந்தேகம் விழுந்தது. எழுதித் தருகிறேன், ஆனால் பார்த்த பிறகு தருகிறேன் என்றேன்.

மழை விட்ட மறுநாள், பொழுது விடியும்போதே ஷட்டர் கட்டடத்துக்கு எதிரே சீமைக் கருவேலப் புதருக்குப் பின்னால் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு நின்றேன். பாலகுருவின் ஆள் வருவான் என்று எதிர்பார்த்தேன். வெளிச்சம் வந்ததும் தோணிரேவுப் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். இடுப்பில் சாக்கு. முன்னால் தேசம்மா.

அவர்கள் முதல் சாக்கை இறக்கும்வரை பொறுத்திருந்து வெளியே வந்தேன். யாரும் ஓடவில்லை. தேசம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு இரண்டாவது சாக்கையும் இறக்கினார்.

"மீன் ஏறலன்னு மனு குடுத்தது நீங்க. இப்ப நீங்களே அடைக்கிறீங்களா? கவர்மென்ட் வேலையை மறிச்சா கேஸ் ஆகும், தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும். போலீஸக் கூப்புடு. வரட்டும். வந்து இந்தத் தண்ணிய மோந்து பாத்துட்டு அப்புறமா எங்கள இட்டுகினு போவட்டும்."

"தண்ணிக்கு இன்னா?"

எனக்கே தெரியாமல் அந்தப் பக்கத்துப் பேச்சு வாயில் வந்துவிட்டது. தேசம்மா குனிந்து, படியின் மேல் குட்டையிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். கறுப்பாக இருந்தது. மலத்தின் நாற்றம். நான் பின்வாங்கினேன்.

"பின்னால போறியா? நாங்க இத்த வாய்க்கிட்ட வெச்சிகினு பறி கடிக்கிறோம்" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டினார்கள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ஒரு பெண்ணுக்கு உதட்டோரம் புண் பழுத்து, பேசவே முடியவில்லை.

மெதுவாகத்தான் எனக்கு விளங்கியது. மழை பெய்யும்போது ஷட்டர் திறந்திருக்கும். வெள்ளத்தில் எது வந்தாலும் கரைந்து போகும். மழை விட்டால் ஷட்டரை மூடிவிடுவோம். அப்போது கால்வாயிலிருந்து ஏரிக்கு வழியும் ஒரே தண்ணீர் மீன் படி வழியாக வருவதுதான். அந்தத் தண்ணீர் இப்படி இருந்தால், நான் மீனுக்குக் கட்டிய வாசல் வழியே அது நேராக இந்தப் பெண்கள் உட்காரும் இடத்துக்குத்தான் போகும். கூட்டத்தில் தேசம்மா கேட்ட கேள்வி அப்படியே நடந்திருந்தது.

"ஆபீஸுக்கு வந்து ஏன் சொல்லல?"

"வந்தோமே. மழத்தண்ணி அப்டித்தான் கருப்பா இருக்கும்னு சொல்லி அனுப்பிச்சாங்க. நீயா சொன்னியோ வேற யாரோ, உங்க ஆளுங்க எல்லாம் எங்களுக்கு ஒண்ணுதான்."

நான் சொல்லவில்லை. யார் சொன்னது என்று பிறகு எவ்வளவோ விசாரித்தும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்கள் சொன்னதையும் முழுதாக நம்பிவிடவில்லை. சாக்கடைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். "வா, நாங்களும் அதத்தான் தேடிகினு கீறோம்" என்று தேசம்மா கூடவே நடந்தார். கால்வாய்க் கரையிலேயே மேற்கே போனோம். புறவழிச் சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் கரையில் சக்கரத் தடங்கள் இருந்தன. உள்ளே வந்த தடம் ஆழம், வெளியே போன தடம் மேலோட்டம். லாரிக்காரர் மகளுக்கு அது போதும். பாரத்தோடு வந்து, காலியாகத் திரும்பியிருக்கிறது.

பாலத்தின் நிழலில் உட்கார்ந்தோம். வெயில் ஏறிய பிறகு ஒரு டேங்கர் லாரி பின்பக்கமாகவே கரையில் இறங்கியது. வீடுகளில் கழிவுத் தொட்டி உறிஞ்சும் வண்டி. ஓட்டுநர் இறங்கி, தடித்த குழாயைக் கால்வாயில் விட்டு, வால்வைத் திருகினார். அது பழகிய கை. சுற்றும் முற்றும் பார்க்கக்கூட இல்லை.

"யாரைக் கேட்டு இங்க ஊத்தறீங்க?" என்று போய் நின்றேன்.

என் அடையாள அட்டையைப் பார்த்த பிறகும் அவர் பதறவில்லை. "இன்னா மேடம் புதுசா கேக்கறீங்க. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் ஊத்தறோம்."

"யாருகிட்ட?"

அவர் சிரித்தார். குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் படம் எடுத்துக்கொண்டிருந்ததையும் பொருட்படுத்தவில்லை. தேசம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "சொல்ல வேண்டியவங்கன்னா யாரு? நீயா, உங்க பெரியவரா?" என்றார்.

அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மண்டையில் ஓடியது. சபாபதியின் அறைக் கதவைத் தள்ளியபோது, லாரி என்று சொல்லும் நொடியில் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத் தயாராகவே நுழைந்தேன்.

"சாக்கு அடைச்சதைப் பாத்தேன் சார். ஏழுமலை இல்ல. தோணிரேவுப் பொம்பளைங்க. செப்டிக் லாரி ஊத்தறதையும் பாத்தேன். சாக்கை மட்டும் எழுதச் சொன்னீங்கன்னா எழுத மாட்டேன். எழுதினா ரெண்டையும் எழுதுவேன்."

அவர் முகம் மாறவில்லை. "எங்க நின்னு பாத்தீங்க?" என்றார். சொன்னேன். படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அந்தம்மா கூட இருந்தாங்களா?"

"யாரு சார்?"

"தேசம்மா. மண்டபத்துல சாக்கடைன்னு சொன்னாங்களே."

அவர் அதை மறக்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது; முன்பே தெரிந்துதான் இருந்தாரோ என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவர் பாலத்தடியில் மடக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். சற்றுத் தள்ளி, எங்களையும் சேர்த்துக் கண்காணிப்பதுபோலத் தோணிரேவுப் பெண்கள். லாரி வந்தது. குழாய் தண்ணீரில் விழும்வரை சபாபதி அசையவில்லை. பிறகு ஜீப்பை எடுத்து லாரியின் முன்னால் நிறுத்தச் சொன்னார். காவல்துறையும் நகராட்சியும் வந்து சேரும்வரை அந்த நாற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்தே இருந்தார். அவர் கைப்பேசி ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து, யார் என்று பார்த்து, பதில் பேசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யார் யார் அழைத்தார்கள் என்று என்னிடம் சொன்னதே இல்லை. லாரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கரையில் இறங்கும் வழியில் இரும்புத் தூண்கள் நட்டோம். ஏழுமலை வேலைக்குத் திரும்பினார். அதன் பிறகு கொஞ்ச நாளில், ஓய்வு பெற இருந்த சபாபதியைத் தளவாடக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவரைச் சந்தேகப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருந்தார். பாலத்தடியில் அவரே வந்து உட்கார்ந்தது அதனால்தான்.

அவர் போவதற்கு முன்னால் ஒரு வேலை மிச்சமிருந்தது. லாரி நின்ற பிறகும் சாக்கு அப்படியேதான் இருந்தது. எடுக்கச் சொல்லித் தோணிரேவுக்குப் போனோம்.

"எடுக்க மாட்டோம்" என்றார் தேசம்மா. "இன்னிக்கு லாரி நிக்குது. நாளைக்கு உங்க தூணப் புடுங்கிட்டு வருவான். நீங்க மாறிப் போயிடுவீங்க. வர்றவர் யாரோ?"

"சாக்கு இருந்தா மீன் ஏறாதே."

"ஏறாது. அதுக்கு நாங்க அழுதுகினுதான் கீறோம். ஆனா வாயில புண்ணு வந்தா எந்த மீன துன்றது?"

உச்சிப் பிளவின் பலகைக்கு இரும்புப் பட்டை போட்டுப் பூட்டலாம், சாவி உங்களிடமும் ஒன்று இருக்கட்டும் என்றேன். ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தால் நாங்கள் இல்லாதபோது நீங்கள் திறப்பீர்கள் என்றார் தேசம்மா. நீங்கள் அடைப்பீர்கள் என்றேன் நான். அப்படியானால் இரண்டு பூட்டு. இரண்டும் திறந்தால்தான் பலகை நகரும். இருவருக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் அரசு மதகின் சாவியை வெளியாரிடம் தர விதியில் இடமில்லை. நான் அதைச் சொன்னதும் சபாபதி என் பக்கம் திரும்பினார்.

"நாம சாவி குடுக்க முடியாது. அவங்க வாங்கின பூட்டை அவங்க போட்டுக்கறாங்க. அதுக்கு நாம ஏன் சாவி குடுக்கணும்?" என்றார்.

அன்று தேசம்மா முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டு, "பட்டைய மட்டும் நாங்க சொல்ற ஆளுகிட்ட அடிங்க. உங்க காண்ட்ராக்ட் ஆளு வாணாம்" என்றார்.

அடுத்த மழைக்குப் பிறகுதான் படி திறந்தது. முந்தின நாள் முழுக்கப் பெய்து, காலையில் தூறலாக நின்றிருந்தது. கரை நிறைய ஆட்கள். ஏழுமலை எங்கள் பூட்டைத் திறந்தார். தேசம்மா உடனே திறக்கவில்லை. தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். நாக்கில் வைத்துத் துப்பினார். இன்னொரு பெண்ணிடம் நீட்டினார். பிறகு ஏழுமலையிடம், பிறகு என்னிடம். மண் வாசனை மட்டும்தான் இருந்தது. நானும் நாக்கில் வைத்தேன். அதன் பிறகுதான் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

பலகையை உருவியதும் தண்ணீர் வளைந்து வளைந்து இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் தண்ணீர் கலங்கியது. பிறகு முதல் மடவை வாசலுக்குள் போயிற்று. அதன் பின்னால் ஒரு கூட்டம். பிளவில் பாயும், குட்டையில் நிற்கும், மறுபடி பாயும். சுவரின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு சின்ன இறால்கள் கட்டெறும்பு மாதிரி ஊர்ந்து ஏறின. ஏழுமலை சத்தம் போட்டுச் சிரித்தார். இத்தனை வருட வேலையில் நான் கட்டிய எதையும் எதுவும் இவ்வளவு ஆவலாகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

தேசம்மா சிரிக்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல போறது சரி. அங்க எவன் வலையோட நிக்கிறானோ" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைமேல் நடக்க ஆரம்பித்தார். பெண்கள் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

நகரத்தைத் தாண்டி மேலேரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கால்வாய் தொடங்கும் வாயில் ஒரு வலை குறுக்கே கட்டியிருந்தது. பாலகுரு குடை பிடித்தபடி கரையில் நின்றார். எங்களைப் பார்த்ததும் ஆட்களிடம் வலையை அவிழ்க்கச் சொன்னார்.

"ஆகாயத்தாமரை வருதுன்னு கட்டினேம்மா" என்றார்.

"தாமரைய தடுக்கறதுக்கு இத்தினி பொடிக் கண்ணு வலையா?" என்றார் தேசம்மா.

வலை போயிற்று. தேசம்மா வாய்க்கு நேர் மேலே, கரையில் ஈரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். இட்லியும் கருவாட்டுக் குழம்பும். எனக்கும் ஒன்று நீட்டினார்.

"இது பூட்டுப் போட முடியாத எடம் மேடம். ஆளுதான் ஒக்காரணும்."

அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் முறை வைத்து அங்கே உட்கார்ந்தார்கள். அடுத்த வருடமும் உட்கார்ந்தார்கள். பாலகுருவின் குத்தகை முடிந்து வேறொருவர் வந்தார், அவரையும் நம்பவில்லை. பழவேற்காட்டு ஏரியில் கொடுவா மறுபடி பெரிதாகக் கிடைக்கிறது என்று தோணிரேவில் சொல்கிறார்கள். இது நான் கேட்டது; பார்த்தது அல்ல.

ஓய்வு பெற்ற பிறகு, போன ஐப்பசியில் மேலேரிக்குப் போயிருந்தேன். மழை விட்டிருந்தது. கால்வாய் வாயில் ஒரு பெண் சாக்கைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியாத முகம். தேசம்மாவுக்கு மூட்டுவலி, வரவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் கரையில் இறங்கியதுமே எழுந்து நின்றாள்.

"யாரு நீ? இங்க இன்னா வேல?"

இந்தக் கால்வாயில் மீன் ஏற வழி கட்டியவள் நான்தான் என்றேன்.

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. கார்டு கீதா?"

இல்லை. ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் என் கையில் இருந்த துணிப்பையை எட்டிப் பார்த்தாள். குடையும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன.

"பாக்கணும்னா அங்கயே நின்னு பாரு" என்று ஒரு வேப்பமரத்தைக் காட்டினாள். "கிட்ட வராத."

மரத்தடியில் நின்றேன். கலங்கல் தண்ணீரில் மடவைகள் முதுகு மினுங்க ஏரிக்குள் நுழைந்துகொண்டிருந்தன. அவள் மீனைப் பார்க்கவில்லை. நான் கிளம்பும்வரை என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.